வெளிநாடு போய் வீடு கட்டும் தன்னார்வப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேபாளத்துக்கும் கம்போடியாவுக்கும் வீடு கட்டும் குழுக்களோடு போய்வந்திருக்கிறேன். அதனால் கல்லூரிப் பிள்ளைகள், ஐடி வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்தப் பயணத்தில் உண்மையில் என்ன செய்வோம்?

ஒரு வாரமோ இரண்டு வாரமோ, பத்திலிருந்து இருபது பேர் வரை ஒரு குழுவாகப் போவோம். ஒழுகும் குடிசையில் இருக்கிற, அல்லது பூகம்பத்திலோ புயலிலோ வீட்டை இழந்த ஒரு குடும்பத்துக்கு வீடு எழும்புகிற இடத்தில், உள்ளூர்க் கொத்தனார்களுக்குக் கையாளாக நிற்போம். கல் தூக்குவது, மண் தோண்டுவது, கலவை போடுவது, கம்பி கட்டுவது, மூங்கில் பிளப்பது, பூச்சுக்கு முன் சுவரை நனைப்பது எல்லாம் நம் வேலை. நம் ஊர் பாஷையில் சொன்னால் சித்தாள் வேலை.

அமெரிக்காவில் தொடங்கிய ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டியின் ‘குளோபல் வில்லேஜ்’ பயணங்கள்தான் இதில் மிகவும் அறியப்பட்டவை. கொரோனா காலத்தில் நின்றுபோய், பிறகு படிப்படியாகத் திரும்பத் தொடங்கின. லத்தீன் அமெரிக்காவில் டெச்சோ என்ற இயக்கம் இருக்கிறது. 1997-இல் சிலியில் பல்கலைக்கழக மாணவர்களும் ஒரு இயேசு சபைப் பாதிரியாரும் சேர்ந்து தொடங்கியது அது. பதினெட்டு சதுர மீட்டர் மர வீட்டை ஒரு வார இறுதியில் எழுப்பிவிடுவார்கள். பிலிப்பைன்ஸில் கவாட் கலிங்கா. பேரிடருக்குப் பிறகு போகும் ஆல் ஹேண்ட்ஸ் அண்ட் ஹார்ட்ஸ். மலேசியாவில் ஒராங் அஸ்லி பழங்குடி மக்களுக்கு வீடு கட்டும் எபிக் ஹோம்ஸ். அங்கிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பாஸ்போர்ட்டே இல்லாமல் இதே வேலையைச் செய்யலாம்.

இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தது?

பலரும் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பெயரைச் சொல்வார்கள். 1984-இல் நியூயார்க்கில் பாழடைந்து கிடந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைச் சரிசெய்யப் போனதில் தொடங்கி, அவரும் மனைவி ரோசலினும் வயதாகும் வரை ஆண்டுதோறும் சுத்தியலோடு போனார்கள். 2006-இல் மகாராஷ்டிரத்தில் லோனாவலா பக்கத்திலும் வந்து வேலை செய்தார்கள். ஆனால் ஹேபிடாட்டைத் தொடங்கியவர்கள் மில்லார்டு ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும். ஃபுல்லர் அலபாமாவில் பெரும் பணம் சம்பாதித்த வழக்கறிஞர். சொத்தைக் கொடுத்துவிட்டு, 1973-இல் அன்றைய ஜயீரில், இன்றைய காங்கோவில், ம்பண்டாக்கா என்ற ஊருக்குக் குடும்பத்தோடு போய் மூன்று ஆண்டுகள் வீடு கட்டினார்கள். திரும்பி வந்த பிறகு 1976-இல் ஜார்ஜியா மாநிலத்தில் அமைப்பைத் தொடங்கினார்கள்.

இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. நம் நாட்டைத் தொட்டுப் போகும் கதை என்பதால் எனக்கு அது மிகவும் பிடிக்கும். முதல் உலகப்போரில் தரைமட்டமான வெர்தான் பகுதியில் எய்ன் என்றொரு பிரெஞ்சுக் கிராமம். 1920-இல் பியர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் சில நண்பர்களைக் கூட்டிக்கொண்டு அதைத் திரும்பக் கட்டப் போனார். குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். எதிரி நாட்டான் இடித்ததை எதிரி நாட்டானே வந்து கட்டுவது என்பதுதான் செரெசோலின் எண்ணம். ஊரில் எதிர்ப்பு கிளம்பி, சில மாதங்களிலேயே முகாம் முடிந்துபோனது. ஆனால் அதிலிருந்துதான் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு பிறந்தது. 1934 ஜனவரியில் பீகாரையும் நேபாளத்தையும் பூகம்பம் உலுக்கியபோது அதே செரெசோல் இந்தியாவுக்குக் கப்பலேறி, முசாஃபர்பூர் பகுதியில் கிராமங்களைத் திரும்பக் கட்டும் வேலையில் இறங்கினார். அப்போது பீகார் நிவாரணப் பணியைத் தலைமையேற்று நடத்தியவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ராஜேந்திர பிரசாத்.

எனக்குக் கட்டட வேலை எதுவும் தெரியாது. வரலாமா?

தாராளமாக வரலாம். வருபவர்களில் பெரும்பாலோர் கரணையைக் கையில் பிடித்திராதவர்கள்தான். தூக்குக்குண்டு விடுவது, ரசமட்டம் பார்ப்பது, மூலைக்கல் வைப்பது எல்லாம் மேஸ்திரியின் பொறுப்பு. சுவர் நேராக நிற்கிறதா என்பது அவருடைய கண்ணில் இருக்கிறது. அவர் பிரித்துக் கட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் பிரித்துக் கட்ட வேண்டும். அந்த வீட்டில் ஒரு குடும்பம் தூங்கப் போகிறது, அடுத்த பூகம்பமும் வரப்போகிறது.

இலவசமாக உழைக்கப் போகிறேன். அப்புறம் எதற்கு நான் பணம் கட்ட வேண்டும்?

அநேகமாக எல்லோரும் கேட்பது இது. நீங்கள் கட்டும் தொகையில் ஒரு பகுதி உங்கள் தங்குமிடம், சாப்பாடு, வண்டி, மொழிபெயர்ப்பாளர், காப்பீடு என்று போகும். மற்றொரு பகுதி நன்கொடையாக அந்த நாட்டுக் கிளைக்குப் போகும். சிமென்ட்டும் கம்பியும் கொத்தனாரின் கூலியும் அதிலிருந்துதான். விமான டிக்கெட் தனி. பாதிப் பேர் நண்பர்களிடமும் அலுவலகத்திலும் திரட்டித்தான் வருகிறார்கள்.

நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான்: கட்டுகிற தொகையில் எவ்வளவு வீட்டுக்குப் போகிறது, எவ்வளவு உங்களுக்கே செலவாகிறது என்று எழுத்தில் கேளுங்கள். நேர்மையான அமைப்பு தயங்காமல் கணக்கைக் கொடுக்கும். “எல்லாம் குழந்தைகளின் எதிர்காலத்துக்கு” என்று மழுப்பினால் அங்கே போகாதீர்கள்.

டிக்கெட் பணத்தையும் சேர்த்து அப்படியே அனுப்பிவிட்டால் இன்னும் நாலு வீடு கட்டலாமே?

கட்டலாம். இந்தக் கேள்வியை மறைத்துவிட்டு ஆள் சேர்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. 1998 அக்டோபரில் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டது. பிறகு வட அமெரிக்காவிலிருந்து குழு குழுவாக வந்து வீடு கட்டினார்கள். ஹோண்டுராஸிலேயே வாழும் சமூகவியல் பேராசிரியர் கர்ட் வெர் பீக் அந்த வீடுகளை ஆராய்ந்தார். பயணச் செலவையும் சேர்த்தால், வெளிநாட்டுக் குழு கட்டிய வீடு ஒன்றுக்குச் சராசரியாக 30,000 டாலர் ஆகியிருந்தது. உள்ளூர் அமைப்புகள் அதுபோன்ற வீட்டை 2,000 டாலருக்குக் கட்டின. குடியேறிய குடும்பங்களின் வாழ்க்கையில் இரண்டு வகை வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. வந்துபோனவர்களுக்கு வாழ்க்கையே மாறிவிட்டது என்று சொல்லப்பட்டதும் அவர் ஆய்வில் அவ்வளவாக நிலைக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு அவர்கள் நன்கொடை கொடுப்பது பெரிதாகக் கூடிவிடவில்லை.

ஆகவே, கையில் பணம் இருக்கிறது, நேரம் இல்லை, ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைத்தால் போதும் என்பவர் பணத்தை அனுப்புவதே மேல். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

அப்படியானால் நீங்கள் ஏன் போகிறீர்கள்?

மூன்று காரணங்கள் எனக்கு நிற்கின்றன.

சில இடங்களில் பணம் இருந்தும் கை இல்லை. 2015 ஏப்ரல் 25 பூகம்பத்தில் நேபாளத்தில் கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய ஐந்து லட்சம் வீடுகள் விழுந்தன. அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று லட்சம் நேபாள ரூபாயை மூன்று தவணையாகக் கொடுத்தது. ஒவ்வொரு கட்டத்தையும் பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தவணை. ஆனால் மலைக் கிராமங்களில் வாலிபர்கள் எங்கே இருந்தார்கள்? வளைகுடாவிலும் மலேசியாவிலும். முதியவர்களும், கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்களும்தான் ஊரில். இடிந்த கல்வீட்டின் குவியலை அகற்றாமல் அஸ்திவாரம் தோண்ட முடியாது, பொக்லைன் ஏறும் பாதையும் இல்லை. அங்கே இருபது ஜோடிக் கைக்கு உண்மையிலேயே வேலை இருந்தது.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே இருந்து சொல்கிறேன். மண் சாந்தில் கட்டிய இரண்டு மாடிக் கல்வீடு சரிந்தால், ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு மேடு ஆகிவிடும். வரிசையாக நின்று கை மாற்றிக் கை மாற்றிக் கல்லை இறக்குவோம். முகம் வைத்த நல்ல கல் ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். உத்தரமும் ஜன்னல் சட்டமும் கிடைத்தால் அவை தனி. எதையும் வீசக் கூடாது, அதே கல்லும் அதே மரமும் புது வீட்டுக்குத் திரும்பப் போகின்றன. ஓரிடத்தில் ஒரு பித்தளைச் செம்பு நசுங்கி வெளிவந்தது. அந்த வீட்டு அம்மா அதை வாங்கி, முழங்காலில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தி ஓரளவு வளைவைச் சரிசெய்தார், பிறகு அதிலேயே தண்ணீர் மொண்டு எங்களுக்குக் கொடுத்தார்.

இரண்டாவது, போகிற குழு பணத்தையும் கொண்டுபோகிறது. எழுபது வயது மாமாவிடம் “கம்போடியாவுக்கு நன்கொடை கொடுங்கள்” என்றால் கொடுக்க மாட்டார். “நான் போகிறேன் மாமா” என்றால் கொடுப்பார். நான் போகாவிட்டால் அந்தப் பணம் வேறு எங்கும் போயிருக்காது.

மூன்றாவது எனக்கு முக்கியமானது. வீடு எப்படி எழும்புகிறது, ஒரு குடும்பம் நிலத்துக்கும் கடனுக்கும் என்ன பாடுபடுகிறது என்று உடம்பால் தெரிந்துகொண்டவர்கள், ஊருக்குத் திரும்பியதும் வீட்டுரிமை பற்றிப் பேசுகிற விதமே வேறு. எல்லோருக்கும் அப்படி ஆகாது என்பதைத்தான் ஹோண்டுராஸ் ஆய்வு சொல்கிறது. எனக்கு ஆனது, என்னோடு வந்தவர்களில் சிலருக்கும் ஆனது.

நல்ல அமைப்பு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இணையதளத்தில் இருக்கும் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் கேட்கிற முதல் கேள்வி: மனை யார் பெயரில் இருக்கிறது? பட்டா குடும்பத்தின் கையில் இல்லாவிட்டால், நாம் கட்டுகிற வீடு நாளைக்கு நிலச்சொந்தக்காரருக்கு லாபம், அவ்வளவுதான். கம்போடியாவில் இது மிகப் பெரிய விஷயம். கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் தனியார் நிலவுரிமையே ஒழிக்கப்பட்டு, ஆவணங்கள் அழிந்துபோன நாடு அது. நாலு தலைமுறையாக உழுகிறவரிடமும் காகிதம் இல்லாமல் இருக்கும். பொறுப்பான அமைப்பு முதலில் நிலப் பத்திரத்துக்கு வழி செய்துவிட்டுத்தான் கல் இறக்கும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் வாங்கிக் கொடுக்கிற இடம் என்றால் எனக்குக் கூடுதல் நம்பிக்கை.

அடுத்தது, குடும்பத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள், அவர்களுடைய பங்கு என்ன என்பது. ஹேபிடாட்டின் பழைய வழக்கப்படி வீடு தானம் கிடையாது. லாபம் இல்லாத கடனாகக் கொடுத்து, சிறு தவணையாகத் திரும்ப வாங்கி, அதை அடுத்த வீட்டுக்குப் போடுவார்கள். குடும்பமும் குறிப்பிட்ட மணிநேரம் தன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உழைக்கும். இப்போது நாட்டுக்கு நாடு முறை மாறியிருக்கிறது, மானியமாகக் கொடுக்கிற இடங்களும் உண்டு. எதுவானாலும், அறை எங்கே வர வேண்டும், அடுப்பு எந்தப் பக்கம் வேண்டும் என்று சொல்லும் உரிமை குடும்பத்துக்கு இருக்க வேண்டும்.

இதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்கு உலகம் முழுவதிலிருந்தும் பணம் வந்தது. வீடுகளும் எழும்பின, அதை மறுக்க முடியாது. ஆனால் பல குப்பங்களில் இடத்தைச் சமன் செய்ய வேண்டும் என்று நிழல் தந்த மரங்களை வெட்டினார்கள், சேதமாகாத பழைய வீடுகளையும் இடித்தார்கள். திண்ணை போயிற்று, வலை பின்ன நிழல் போயிற்று. வரிசையாக நின்ற கான்கிரீட் வீடுகள் சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாதபடி காய்ந்தன. குடும்பத்தைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

கூலி விஷயமும் பாருங்கள். நாம் போவதால் உள்ளூர்ச் சித்தாளின் வேலை பறிபோகக் கூடாது. தளத்தில் உள்ளூர்க் கொத்தனாரும் ஆட்களும் கூலிக்கு இருக்கிறார்களா, பொருள் உள்ளூரில் வாங்கப்படுகிறதா என்று கேளுங்கள். கடைசியாக, நீங்கள் போன பிறகு அந்த வீட்டுக்கு யார் பொறுப்பு? கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவார்கள்? இதற்கு ஒரு ஆளின் பெயர் சொல்ல முடியாத அமைப்போடு போகாதீர்கள்.

வேலை நாள் எப்படி இருக்கும்?

காலை ஏழரை எட்டு மணிக்குத் தளத்தில் இருப்போம். முதலில் பாதுகாப்புப் பேச்சு, பிறகு வேலைப் பிரிப்பு. பத்தரைக்குத் தேநீர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் தாழும்வரை சற்று ஓய்வு, நாலு நாலரைக்கு முடிந்துவிடும்.

நேபாளத்தின் கிழக்குச் சமவெளியில் மூங்கில் வீடு கட்டுவார்கள். நம்மில் பலர் அந்த வேலையைப் பார்த்திருக்க மாட்டோம். பதப்படுத்திய முழு மூங்கில் தூண்களைக் கான்கிரீட் அடிப்பாதத்தில் நிறுத்துவார்கள், மண்ணைத் தொட்டால் மூங்கில் உளுத்துப்போகும். தூண்களுக்கு நடுவே பிளந்த மூங்கில் சிம்புகளைப் பாய் போல நெருக்கி ஆணியடிப்போம். அதன் மேல் பூச்சு. முதல் பூச்சைக் கையாலேயே அறைந்து அப்ப வேண்டும், சிம்பின் இடுக்கில் போய்ப் பிடித்தால்தான் நிற்கும். பூசி முடித்த சுவர் செங்கல் சுவர் போலவே தெரியும், எடையோ அதில் சிறு பங்கு. பூகம்பத்தில் இடிந்து தலையில் விழும் பயம் குறைவு. பிளந்த மூங்கில் கத்தி மாதிரி வெட்டும், கையுறை போடாமல் தொடவே கூடாது.

கம்போடியாவில் தரையை விட்டுத் தூக்கிய வீடுகள் அதிகம். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும். வெயில் காலத்தில் கீழே ஊஞ்சலும் நெசவுத்தறியும் மாடும் கோழியும் இருக்கும், குடும்பத்தின் பகல் வாழ்க்கை அங்கேதான்.

எந்தக் காலத்தில் போவது நல்லது? விசா?

நேபாளத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, பாதைகள் சரியும். அக்டோபரை ஒட்டித் தசைன், திகார் பண்டிகைகள் வரும்போது எந்த மேஸ்திரியும் வேலைக்கு வர மாட்டார். அதை விட்டு நவம்பர் முதல் ஏப்ரல் வரை பார்க்கலாம். கம்போடியாவுக்கும் அதே மாதங்கள் சரி, ஆனால் ஏப்ரல் வெயில் கடுமை. நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே அவர்களுக்கும் புத்தாண்டு, அந்த வாரம் முழுக்க விடுமுறை.

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. விமானத்தில் போகிறவர்கள் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வைத்திருக்க வேண்டும், ஆதார் போதாது. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நேபாளத்தில் சுற்றுலா விசாவில் ஊதியத்துக்கு மட்டுமல்ல, ஊதியமில்லாமலும் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். பல நாடுகளில் இப்படித்தான். “டூரிஸ்ட் என்று சொல்லிவிட்டு வாருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்” என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். அழைக்கும் அமைப்பு எந்த விசா என்று எழுத்தில் தர வேண்டும்.

உடம்புக்கு என்ன முன்னேற்பாடு?

டெட்டனஸ் ஊசி கட்டாயம், துருப்பிடித்த ஆணி இல்லாத தளமே கிடையாது. ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போகிறவர்கள் குறைந்தது பத்து நாள் முன்பே ஊசி போட்டுச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். அது இல்லாமல் திரும்பி வந்தால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்.

ஈர சிமென்ட் தோலைச் சுடும். முதலில் ஒன்றும் தெரியாது, சாயங்காலம்தான் எரியும். கை காலில் பட்டவுடன் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், ஷூவுக்குள் போனால் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் கழுவுங்கள். பயணக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில் உடலுழைப்பு வேலையில் படும் காயம் சேராது, வாங்கும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

பெண்கள் தனியாக வரலாமா? வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள்.

குழுவாகப் போகும் பயணம் இது. தங்குமிடம் ஆண் பெண் தனித்தனியாக இருக்கும், குழுத் தலைவர் இருபத்துநாலு மணி நேரமும் கூடவே இருப்பார். நான் போன குழுக்களில் பாதிக்கு மேல் பெண்கள். அம்மா அப்பா பயந்தால், குழுத் தலைவரை வீட்டுக்கே வரவழைத்தோ வீடியோவிலோ பேச வையுங்கள். தங்கும் இடத்தின் முகவரி, அந்த ஊர் ஆஸ்பத்திரி, நம் தூதரகத்தின் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, பதில் கிடைத்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மாதவிடாய் நாட்களுக்கு வேண்டியதை இங்கிருந்தே எடுத்துப்போங்கள். தளத்தில் கழிவறை இருக்கிறதா என்று முன்பே கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

பொதுவாகப் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைக் கட்டுமானம் நடக்கும் தளத்துக்குள் விட மாட்டார்கள். பதினாறு, பதினேழு என்றால் பெற்றோர் சம்மதத்தோடு வரலாம், ஆனால் சாரம் ஏறவோ மின்கருவி தொடவோ கூடாது.

இதோடு சேர்த்து ஒன்று. சில பயண நிறுவனங்கள் வீடு கட்டுவதோடு “ஒரு மதியம் அநாதை இல்லத்தில்” என்று சேர்த்து விற்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பது கணக்கெடுப்பில் தெரிந்தது. வெளிநாட்டார் வந்து பார்த்துக் காசு கொடுப்பதற்காகவே ஏழைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வைத்த இடங்கள் உண்டு.

மத மாற்ற வேலை எதுவும் நடக்குமா?

ஹேபிடாட் கிறிஸ்தவ நம்பிக்கையிலிருந்து பிறந்த அமைப்பு, அதை அவர்கள் மறைப்பதில்லை. ஆனால் வீடு பெறவோ தன்னார்வலராக வரவோ மதம் ஒரு நிபந்தனை கிடையாது. எங்கள் குழுவில் காலையில் சிலர் ஜெபம் செய்வார்கள், நான் அந்த நேரத்தில் தேநீர் போடுவேன். யாரும் எதுவும் கேட்டதில்லை. சிறு குழுக்கள் சிலவற்றில் பிரசங்கமும் வீடும் ஒன்றாகவே நடக்கும். அது உங்களுக்குச் சம்மதமா என்பதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

குடும்பத்துக்குப் பரிசு கொண்டுபோகலாமா? படம் எடுக்கலாமா?

பணமோ போனோ நேரடியாகக் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நாம் போன பிறகு அங்கே வாழ வேண்டியவர்கள் அவர்கள். கொடுக்க விருப்பமிருந்தால் ஒப்படைப்பு நாளில் குழுவாக ஒரு குடமோ போர்வையோ சுவர்க் கடிகாரமோ போதும்.

படத்துக்கு முதலில் அனுமதி. ஒழுகும் பழைய குடிசைக்கு முன் அவர்களை நிறுத்திப் படம் எடுப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. நம் வீடு இடிந்து கிடக்கும்போது யாராவது அப்படி நம்மை நிறுத்தினால் எப்படி இருக்கும்? புது வீட்டு வாசலில், அவர்கள் தலைசீவி நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு “இப்போ எடுங்க” என்று கூப்பிடும்போது எடுங்கள். கம்போடியாவில் குழந்தையின் தலையைச் செல்லமாகத் தட்டுவதும் கூடாது, தலை அவர்களுக்குப் புனிதம். நேபாளத்தில் எச்சில் பார்ப்பது நம் பாட்டி காலம் போலவே இருக்கும், சமையலறைக்குள் கூப்பிடாமல் நுழையாதீர்கள்.

இலங்கையில் நம் மக்களுக்கே கட்டப் போக முடியுமா?

போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் பெரிய அளவில் நடந்தது இந்திய வீட்டுத் திட்டம். 2010-இல் அறிவித்த 50,000 வீடுகளில் பெரும்பகுதியை ‘வீட்டு உரிமையாளரே கட்டுவது’ என்ற முறையில் செய்தார்கள். புது வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், தவணை தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் நேராக விழும். கொத்தனாரை அவர்களே பிடிப்பார்கள், மணலும் கல்லும் அவர்களே வாங்குவார்கள். தொழில்நுட்ப அலுவலர் வந்து பார்த்துச் சரி சொல்வார். ஐ.நா. குடியிருப்பு அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கம், இலங்கை ஹேபிடாட் ஆகியவை களத்தில் நின்று உதவின. கிளிநொச்சியில் ஒரு விதவைத் தாய் தானே செங்கல் கணக்கு எழுதி வீடு முடித்தார் என்றால் அது இந்த முறையால்தான் முடிந்தது. அங்கே வெளியாள் கைக்குத் தேவை குறைவாகவே இருந்தது, அதுதான் திட்டத்தின் பலம் என்று நினைக்கிறேன்.

தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் கதை வேறு. லயன் என்னும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு அறைகளில் இருப்பவர்களுக்கு வீட்டை விடப் பெரிய கேள்வி நிலம். தோட்டத்தில் ஒரு துண்டுக் காணி கையில் கிடைத்து உறுதிப் பத்திரம் வந்தால்தான் கல் வைப்பதற்கு அர்த்தம் இருக்கும். புலம்பெயர்ந்த தமிழர்கள் அங்கே போய் ஒரு வாரம் கல் தூக்க ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. அதே ஆட்கள் காணி உறுதிக்காகப் பேசினால், எழுதினால், அங்கிருக்கும் அமைப்புகளுக்குத் தொடர்ந்து பணம் கொடுத்தால் இன்னும் அதிகம் நடக்கும்.

நம் ஊரிலேயே வீடில்லாதவர்கள் இருக்கும்போது வெளிநாடு எதற்கு?

முதலில் இங்கே செய்யுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஹேபிடாட் இந்தியா 1983-இல், இன்றைய தெலங்கானாவில் இருக்கும் கம்மத்தில் தொடங்கி இங்கேயே வேலை செய்கிறது. வார இறுதியில் போய்வரக்கூடிய தளங்கள் கிடைக்கும்போது டிக்கெட் செலவே இல்லை. இங்கே மொழி தெரியும், அரசுத் திட்டத்தில் தவணை வராமல் லிண்டல் மட்டத்தில் நின்றுபோன வீட்டுக்காக வட்டார அலுவலகத்துக்கு ஒரு நடை நடந்துகொடுக்கவும் முடியும். அதை வெளிநாட்டில் நம்மால் செய்ய முடியாது. இங்கே சில நாள் சட்டி தூக்கிப் பழகியவர்கள் அங்கே போனால் மேஸ்திரிக்கும் உபயோகம்.

கட்டும் பணத்துக்கு வரிவிலக்கு உண்டா?

80ஜி என்று பலரும் அறிந்த நன்கொடை வரிச் சலுகை, இந்தியாவில் பதிவு பெற்று அந்தச் சான்று உள்ள அமைப்புக்குக் கொடுத்தால் மட்டுமே. வெளிநாட்டு அமைப்புக்கு நேராக அனுப்பினால் கிடைக்காது. புது வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எப்படியும் இல்லை.

எத்தனை நாள் முன்னால் ஏற்பாடு தொடங்க வேண்டும்?

குறைந்தது ஆறு மாதம். பாஸ்போர்ட் காலாவதிக்குப் பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஊசிகளுக்கு ஒரு மாதம் விடுங்கள். நிதி திரட்ட மூன்று மாதம் பிடிக்கும். நடுவில் தினமும் அரை மணி நேரம் வெயிலில் நடந்து பழகுங்கள், அலுவலக ஏசியிலிருந்து நேராகத் தளத்துக்கு வந்தவர்கள்தான் இரண்டாம் நாள் மயங்கி உட்காருகிறார்கள். ஷூவைப் புதிதாக வாங்கி அங்கே போட்டுப் பார்க்காதீர்கள், இங்கேயே போட்டு நடந்து காலுக்குப் பழக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள்.